கேமரா சொன்னால் போதுமா?

சில வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். ஆதிச்சநல்லூரில் வாழைத்தார் வியாபாரம் செய்யும் நமது பங்கின் பெரியவர் ஒருவர் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். அறுபதை நெருங்கும் வயது. கைபேசியை நீட்டி, "சாமி, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. ஏதோ ஃபைன் வந்திருக்குன்னு பேரன் சொல்லுதான்" என்றார்.

வாசித்தோம். பல மணி நேரம் பேருந்தில் போனால்தான் எட்டக்கூடிய ஒரு பெருநகரத்தில், இவருடைய வண்டியைத் தலைக்கவசம் இல்லாமல் ஒருவர் ஓட்டியதாகவும், அதற்கு 1000 ரூபாய் அபராதம் என்றும் இருந்தது. அவர் அந்த நகரத்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. குறிப்பிட்ட நாளில் அவருடைய எக்ஸெல் வண்டி வீட்டு முற்றத்தில் நின்றது. செய்தியோடு வந்த படத்தைத் திறந்து பார்த்தோம். படத்தில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். ஓட்டியவன் ஓர் இளைஞன். எண் பலகையில் சேறு படிந்து ஓர் எழுத்து மங்கிக் கிடந்தது. அந்த ஓர் எழுத்தை இயந்திரம் வேறாக வாசித்ததில், அபராதம் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது உங்க வண்டியே இல்லையே" என்றோம்.

"அது தெரியுது சாமி. அங்க போய்ப் பேசணும்னா பஸ் சார்ஜே அதுக்கு மேல ஆயிரும். ரெண்டு நாள் யாவாரமும் போயிரும். பேசாம கட்டிரட்டுமா?" என்று கேட்டவர், சற்று நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நம்ம ஊர் ரோட்டுல எத்தனையோ நாள் ஹெல்மெட்டு இல்லாமத்தான் போயிருக்கேன். அதுக்குன்னு நெனச்சுக் கட்டிருதேன்."

இந்தக் கடைசி வார்த்தை பல நாள் நம்மை விடவில்லை. செய்த தவறுக்கு யாரும் கேட்கவில்லை. செய்யாத தவறுக்குச் சீட்டு வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கை நேராக்கிவிடலாம் என்று நினைக்கிறார் ஒரு நல்ல மனிதர். இது சரியா? தானியங்கிக் கேமராக்கள் நமது சாலைகளுக்கு வந்துவிட்ட இந்த நாள்களில், நாம் எல்லாரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

கேமரா ஏன் வந்தது?

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கேமராக்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாத இரு சக்கர வாகனப் பயணிகள். அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நமது தமிழ்நாடுதான்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இவை மத்திய அரசின் அறிக்கையில் உள்ள எண்கள். நமக்கோ இவை வெறும் எண்கள் அல்ல. திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையை ஒட்டி வாழும் எந்தப் பங்கிலும், இருபது வயதுப் பையனை அடக்கம் செய்த கல்லறை ஒன்றாவது இருக்கும். "பக்கத்துக் கடைக்குத்தானே போறேன்" என்று தலைக்கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர்களின் வீடுகளுக்கு நாம் ஆறுதல் சொல்லப் போயிருக்கிறோம். அந்த வீடுகளில் சொல்வதற்கு வார்த்தை கிடைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. சாலையோரத்தில் வண்டியை மறித்து அபராதம் போடும் பழைய முறை எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆளைப் பார்த்து, சட்டையைப் பார்த்து, "யாருக்குத் தெரிந்தவர்" என்று பார்த்து நடந்த பேரங்கள் எத்தனை? தெரிந்தவருக்கு ஒரு போன் போட்டால் விட்டுவிடுவார்கள். போன் போட ஆளில்லாதவர் கட்டுவார். கேமராவுக்குச் சாதி தெரியாது. கட்சி தெரியாது. அது கை நீட்டாது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கண்ணைத் திறந்து வைத்திருக்கும் சாலை வந்தால், அதில் முதலில் பயனடைபவர் எளியவரே.

ஆகவே, கேமரா வேண்டுமா வேண்டாமா என்பது இப்போது கேள்வி அல்ல. கேமரா சொன்னதும் விசாரணை முடிந்துவிட்டதா, அல்லது அங்கேதான் தொடங்குகிறதா என்பதே கேள்வி.

சட்டம் என்ன கேட்டது?

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, சாலைகளை மின்னணு முறையில் கண்காணிக்க வழிசெய்யும் 136-அ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. அபராதத் தொகைகளும் பல மடங்கு உயர்ந்தன. தமிழ்நாட்டில் அந்த உயர்வு 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தலைக்கவசம் அணியாததற்கு முன்பு 100 ரூபாயாக இருந்த அபராதம் 1000 ரூபாய் ஆனது. நாள் கூலிக்குப் போகிறவருக்கு 100 ரூபாய் ஒரு வருத்தம். 1000 ரூபாய் என்பது ஒரு வாரத்துக் கஞ்சி. அபராதம் உயரும்போது, அது சரியான ஆளிடம் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் கடமையும் அதே அளவுக்கு உயர வேண்டும் அல்லவா?

இதை விதி எழுதியவர்கள் உணராமல் இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட 167-அ விதியைப் பொறுமையாக வாசித்தால் வியப்பாக இருக்கும். கருவி சரியாக வேலை செய்கிறது என்று மாநில அரசு நியமிக்கும் அதிகாரியின் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றது அந்த விதி. கண்காணிப்பு உள்ள சாலைப் பகுதிக்கு முன்பே மக்களுக்குத் தெரியும்படி எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னது. குற்றத்தையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இத்தனையும் சீட்டோடு இருக்க வேண்டும் என்றது. தவறு நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும் என்றும், வழக்கு முடியும்வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னது. இத்தகைய கருவிகளை வைக்க வேண்டிய 132 நகரங்களின் பட்டியலில் நமது தூத்துக்குடியும் இருந்தது.

எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நமது வாழைத்தார் பெரியவரின் கைபேசிக்கு வந்ததில் இவற்றில் எத்தனை இருந்தன? தொகை பெரிதாக இருந்தது. பணம் கட்டும் வழி முதலில் இருந்தது. படம் தேடிப் பார்த்தால்தான் கிடைத்தது. "இது நானல்ல" என்று சொல்லும் வழி ஆங்கிலத்தில், எங்கோ ஓர் ஓரத்தில் இருந்தது.

இயந்திரம் எப்படித் தவறுகிறது?

வண்டி எண்ணை வாசிக்கும் கேமரா செய்வது என்ன? ஓடும் வண்டியைப் படம் எடுக்கிறது. அந்தப் படத்தில் எண் பலகை எது என்று தேடுகிறது. பிறகு ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து, தான் முன்பு பார்த்துப் பழகிய எழுத்துகளோடு ஒப்பிட்டு, "இது இன்ன எழுத்தாக இருக்கலாம்" என்று ஒரு முடிவுக்கு வருகிறது. அது ஓர் ஊகம். நல்ல ஊகம், பெரும்பாலும் சரியான ஊகம், ஆனாலும் ஊகமே. ஆங்கில 'பி' எழுத்தும் 8 என்ற எண்ணும் ஒன்றுபோலத் தெரியலாம். 'ஓ' எழுத்தும் சுழியமும் கலந்துபோகலாம். மழை, சேறு, எதிர்வெயில், அழகுக்காக வளைத்து எழுதிய எண்கள் எல்லாம் அதைக் குழப்பும். ஒரு திருடன் வேறொருவர் வண்டியின் எண்ணை எழுதி மாட்டிக்கொண்டால், எழுத்தைச் சரியாக வாசித்தும் ஆளைத் தவறவிடும்.

உலகின் பல இடங்களில் இது நடந்திருக்கிறது. 2021-ல் இங்கிலாந்தின் பாத் நகரில், பேருந்துக்கான பாதையில் நடந்துபோன ஒரு பெண்ணின் சட்டையில் 'நிட்டர்' என்று எழுதியிருந்தது. கேமரா அந்த எழுத்துகளை வண்டி எண்ணாக வாசித்தது. வேறோர் ஊரில் இருந்த தம்பதியருக்கு அபராதச் சீட்டு போனது. 2018-ல் சீனாவின் நிங்போ நகரில், பேருந்தின் பக்கத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் ஒரு தொழிலதிபரின் முகம் இருந்தது. அவர் சாலையை விதிமீறிக் கடந்ததாகக் கேமரா பதிவு செய்தது. 2023-ல் நெதர்லாந்தில், தலையைச் சொறிந்துகொண்டு வண்டி ஓட்டிய ஒருவர் கைபேசியில் பேசியதாக 380 யூரோ அபராதம் பெற்றார். கேட்கும்போது சிரிப்பு வருகிறது. சீட்டு நமது பெயருக்கு வந்தால் சிரிப்பு வராது.

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருந்தால் போதாதா?" என்று கேட்கலாம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 10,000 சீட்டுகள் போகின்றன, நூற்றில் ஒன்றுதான் தவறு என்றால், நாளொன்றுக்கு 100 குற்றமற்றவர்கள் வீட்டில் சீட்டு விழுகிறது. மாதத்துக்கு 3000 பேர். இயந்திரத்தின் அளவில் அது சிறு பிழை. அந்த 3000 வீடுகளில் அது சிறு பிழை அல்ல.

நமது ஊரே இதற்கு ஒரு பாடம் சொல்கிறது. ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். கிடைத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ இன்னும் ஏராளமான தாழிகளையும் இரும்பு, வெண்கலப் பொருள்களையும் எடுத்தார். பொருள்கள் கண்முன் இருந்தன. ஆனால் அவை எந்தக் காலத்தவை என்று ஆய்வுக்கூடச் சான்றோடு சொல்ல நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2004–05-ல் மத்திய தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்த பிறகு, 2019-ல்தான் நமக்குத் தெரிய வந்தது: கி.மு. 905, கி.மு. 696. தாழியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாலே உண்மை தெரிந்துவிடாது. அது எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது, யார் சோதித்தார், சோதனை முடிவை யார் பார்க்கலாம் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது சாட்சி. கேமரா எடுத்த படமும் அப்படித்தான். படம் இருக்கிறது என்பதாலேயே குற்றம் உறுதியாகிவிடாது.

பங்கு வைப்பவர் யார், எடுப்பவர் யார்?

துல்லியம் ஒரு பக்கம். நியாயம் இன்னொரு பக்கம். நமது கடற்கரையில் முத்துக் குளித்த நாள்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஆங்கில அரசு நடத்திய முத்துச் சலாபங்களில், கடலில் மூழ்கி எடுத்த சிப்பிகளைக் குளியாள்கள் கரைக்குக் கொண்டுவந்து மூன்று குவியலாகப் பிரித்து வைப்பார்கள். எந்தக் குவியல் யாருக்கு என்பதை அவர்கள் சொல்ல முடியாது. அரசு அலுவலர் வந்து தேர்ந்தெடுப்பார். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளியாளுக்கு. மூன்றில் ஒரு பங்கு நியாயமான கூலியா என்பது வேறு கேள்வி. உயிரைப் பணயம் வைத்தவருக்கு அது குறைவு என்றே நமது முன்னோர் எண்ணியிருப்பார்கள். ஆனால் பிரிக்கும் முறையில் ஓர் அறிவு இருந்தது. பிரிப்பவர் வேறு, எடுப்பவர் வேறு. பிரிப்பவர் ஒரு குவியலைப் பெரிதாக்கினால், அது தன் கைக்கு வரும் என்று நம்ப முடியாது. அதனால் மூன்றும் சமமாக இருக்கும். 1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் சலாபம் நடக்கவில்லை. அந்த அறிவை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது.

கேமரா அபராதத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கேமராவை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர், படத்தைப் பார்த்துக் குற்றம் என்று சொல்பவர், எதிர்ப்பைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர், அபராதத்தால் பயனடைபவர் எல்லாரும் ஒரே பக்கத்தில் நின்றால் குவியல்கள் சமமாக இருக்குமா?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2012-ல் ஒரு செய்தித்தாள் இதை வெளியே கொண்டுவந்தது. சிவப்பு விளக்கில் அசையாமல் நின்ற ஒரு கார், 25 மைல் வரம்புள்ள இடத்தில் 38 மைல் வேகத்தில் போனதாக அபராதம் போட்டிருந்தார்கள். 2013-ல் அந்த நகரம் வேகக் கேமராக்களையே நிறுத்தியது. நகரமே செய்த தணிக்கையில் பத்தில் ஒரு சீட்டுக்கு மேல் தவறு என்று தெரிந்த விவரம் 2014-ல்தான் வெளியானது. அதே ஆண்டில் மேரிலாந்து மாநிலம் வேகக் கேமராச் சட்டத்தைத் திருத்தி, சீட்டுக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கூலி கொடுக்கும் முறைக்குத் தடை போட்டது. சிகாகோ நகரிலோ, கேமரா ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய நகர அதிகாரிக்கு 2016-ல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. கேமரா கை நீட்டாது என்று மேலே சொன்னோம். உண்மைதான். கேமராவை மாட்டுகிறவர் கை நீட்டலாம்.

நமது பக்கத்து மாநிலமான கேரளம் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கியது. அங்கே இயந்திரம் பிடித்த படங்களை மனிதர்கள் பார்த்த பிறகே சீட்டு அனுப்பும் முறை வைத்தார்கள். இது நல்லது. ஆனால் ஒப்பந்தம் குறித்துப் பெரும் அரசியல் சர்ச்சை எழுந்தது. இன்னொரு கேள்வியும் எழுந்தது. தாய், தந்தை, நடுவில் ஒரு குழந்தை என்று ஒரே இரு சக்கர வண்டியில் போகும் குடும்பத்துக்கு அபராதமா? கார் வாங்க வசதி இல்லாதவர்கள் பிள்ளையை எப்படிப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோவார்கள்? 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை மூன்றாவது ஆளாக இருந்தால் இப்போதைக்கு அபராதம் இல்லை என்று கேரள அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. பாதுகாப்பு என்று பார்த்தால் அந்தப் பயணம் ஆபத்தானதே. ஆனால் அந்த ஆபத்துக்கு வேகத்தைவிட வறுமையே காரணம். இயந்திரம் இந்த வேறுபாட்டைக் காணாது. காண வேண்டியவர்கள் மனிதர்கள்.

நமது தலைநகரிலும் ஒரு பாடம் உண்டு. 2023 ஜூனில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேகக் கருவிகளை நிறுவி, 40 கிலோமீட்டர் வரம்பை மீறியவர்களுக்கு அபராதம் போடத் தொடங்கியது. கருவி சரியாகவே அளந்திருக்கலாம். ஆனால் அகலமான சாலைகளிலும் 40 தான் வரம்பா என்று மக்கள் கேட்டார்கள். மறு ஆய்வு நடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30 என்று புதிய வரம்புகள் வந்தன. அளவு சரியாக இருந்தும் அளவுகோல் சரியாக இல்லாமல் போகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. மக்கள் கேட்டதால் மாறியது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

குற்றமற்றவரின் செலவு

எல்லாவற்றிலும் கனமான அநியாயம் சத்தமில்லாமல் நடக்கிறது. தவறான சீட்டை எதிர்க்க ஆகும் செலவு, அபராதத்தைவிட அதிகம். ஆகவே குற்றமற்றவர் கட்டிவிடுகிறார். கட்டியவுடன் ஏட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். தவறு நடந்ததே வெளியே தெரியாமல் போகிறது. பத்துப் பேர் தவறான சீட்டுக்குப் பணம் கட்டினால், பத்துச் சரியான சீட்டுகள் என்றே கணக்கில் சேரும். அதைக் காட்டி, இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்று நாளை அறிக்கை வரலாம்.

கணினி தவறாது என்று ஒரு நாடே நம்பினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தில் பார்த்தோம். 'ஹொரைசன்' என்ற கணினி அமைப்பு காட்டிய பணக் குறைவை நம்பி, 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். பலர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கணக்கை நேராக்கினார்கள். தவறு கணினியில் இருந்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் 2024 மே மாதத்தில்தான் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது ஒருவர், "இந்த இயந்திரத்தைச் சோதித்தது யார்?" என்று பிடிவாதமாகக் கேட்டு, அதற்குப் பதில் கிடைத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்!

ஒரே சாட்சியின் சொல்லை வைத்து எவரையும் தண்டிக்கக் கூடாது, இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும், நீதிபதிகள் நன்கு விசாரிக்க வேண்டும் என்ற மோசேயின் சட்டத்தை நாம் அறிவோம். கேமரா என்பது ஒரு சாட்சி. நல்ல சாட்சியாகவும் இருக்கலாம். இரண்டாவது சாட்சியாக, படத்தைக் கண் திறந்து பார்க்கும் ஒரு மனிதர் வேண்டும். நமது பெரியவரின் வழக்கில் ஒருவர் அரை நிமிடம் படத்தைப் பார்த்திருந்தால் போதும். எக்ஸெல் வண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் உள்ள வேறுபாடு நமது ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

நாம் செய்யக்கூடியவை

இது அரசும் காவல்துறையும் மட்டும் சரிசெய்யக்கூடியது அல்ல. அன்பியக் கூட்டங்களில் சில செய்திகளை நாம் பகிர்ந்துகொள்ளலாம்.

முதலாவது, சீட்டு வந்தவுடன் பணம் கட்ட ஓட வேண்டாம். படத்தைப் பார்க்க வேண்டும். வண்டி, எண், நாள், இடம் நான்கும் சரியா என்று பார்க்க வேண்டும். தவறாக இருந்தால், மத்திய அரசின் 'பரிவாகன்' இ-சலான் தளத்தில் புகார் செய்ய இடம் உண்டு. அன்றைக்கு வண்டி எங்கே இருந்தது என்பதற்கு ரசீதோ படமோ இருந்தால் சேர்த்து அனுப்பலாம்.

இரண்டாவது, வந்தது உண்மையான செய்திதானா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போலிச் சலான் அனுப்பி, ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் கூட்டங்கள் நாடெங்கும் இருக்கின்றன. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடியும். வந்த இணைப்பைத் தொடாமல், அந்தத் தளத்துக்கு நாமே போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது, வண்டியை விற்றவர்கள் பெயர் மாற்றத்தை முடித்துவிட வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "தெரிஞ்ச பையன்தானே, மெதுவா மாத்திக்குவான்" என்று விட்டால், அவன் செய்யும் மீறல்களுக்கெல்லாம் சீட்டு நமது பெயருக்குத்தான் வரும்.

நான்காவது, எதிர்த்துப் பேச வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட, வட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இலவச உதவி செய்கின்றன. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அது சட்டம் தந்த உரிமை. நமது பங்கில் கணினி தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை அறைவீட்டில் உட்கார்ந்து, இத்தகைய விண்ணப்பங்களை முதியவர்களுக்காக எழுதிக்கொடுத்தால் அதைவிட நல்ல சேவை எது?

அரசிடம் நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. சீட்டு தமிழில் வர வேண்டும். எதிர்க்கும் வழி, பணம் கட்டும் வழிக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். எதிர்ப்பைப் பதிவு செய்ய, சீட்டு போட்ட ஊருக்குப் போகாமல், அவரவர் வட்டத்திலேயே இடம் இருக்க வேண்டும். எத்தனை சீட்டுகள் தவறு என்று திரும்பப் பெறப்பட்டன என்ற கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். எதிர்ப்பைக் கேட்டு முடிவு சொல்பவர், சீட்டு போட்ட அதே அலுவலகத்தவராக இருக்கக் கூடாது. குவியலைப் பிரித்தவரே எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற நமது கரையின் பழைய வழக்கம்தான் இது.

அந்தப் பெரியவர் பணம் கட்டவில்லை. "அண்ணாச்சி, நம்ம ரோட்டுல ஹெல்மெட் இல்லாமப் போனது உங்க தப்பு. அதுக்கு ஹெல்மெட் வாங்குங்க. இது வேற ஒருத்தன் தப்பு. இதுக்கு நீங்க கட்டினா அவனும் திருந்த மாட்டான், அந்த மெஷினும் திருந்தாது" என்று சொன்னோம். பேரனும் நாமும் சேர்ந்து விண்ணப்பத்தை எழுதி, இரண்டு வண்டிகளின் படங்களையும் இணைத்து அனுப்பினோம். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. காத்திருக்கிறோம்.

ஆனால் சென்ற ஞாயிறு அவர் கோவிலுக்கு வந்தபோது வண்டியின் கைப்பிடியில் புதிய தலைக்கவசம் ஒன்று தொங்கியது. "தொங்கவிடவா வாங்கினீங்க?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அந்தச் சாலையில் கேமரா எதுவும் இல்லை.